ஒரே கேமரா, நாட்டுக்கொரு விலை: லைக்காவும் ஹாசல்பிளாடும் விலை வைக்கும் முறை

2023 மே மாதம் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரைச் சேர்ந்த லைக்கா நிறுவனம் கியூ3 என்ற கேமராவை வெளியிட்டது. 60 மெகாபிக்சல் சென்சாரும் கழற்ற முடியாத 28 மில்லிமீட்டர் லென்ஸும் கொண்டது. அமெரிக்காவில் அதன் விலை 5,995 டாலர். ஜெர்மனியில் 5,950 யூரோ. பிரிட்டனில் 5,300 பவுண்டு. ஜப்பானில் 9,02,000 யென். எல்லாக் கேமராக்களும் ஒரே நிறுவனத்திடமிருந்து, ஒரே பெட்டியில், ஒரே மென்பொருளோடு வருகின்றன. விலைச் சீட்டு மட்டும் நாட்டுக்கு நாடு வேறு.

இந்த நான்கு எண்களையும் நாணய மாற்று விகிதத்தில் மட்டும் ஒப்பிட்டு, “அமெரிக்காவில்தான் விலை குறைவு” என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். அந்த முடிவு தவறானது. தவறு எங்கே என்று தேடினால், ஆடம்பரக் கேமரா நிறுவனங்கள் ஒரு நாட்டின் விலையை எப்படிக் கட்டுகின்றன, எப்போது தள்ளுபடியால் அதைத் தளர்த்துகின்றன, எந்தச் சுவரை எழுப்பி அதைக் காக்கின்றன என்ற மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து வெளிவருகின்றன. லைக்காவை முதன்மை நிகழ்வாகவும், சுவீடனின் ஹாசல்பிளாடை அதற்கு எதிர்நிலை நிகழ்வாகவும் வைத்து இதைப் பார்க்கலாம்.

வரியைக் கழித்துப் பார்த்தால்

ஜெர்மனியின் 5,950 யூரோவில் 19 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் மிஞ்சுவது சரியாக 5,000 யூரோ. இவ்வளவு வட்டமான எண் தற்செயலாக அமைந்திருக்காது. இந்த 5,000 யூரோவிலிருந்துதான் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிரிட்டனின் வரி 20 விழுக்காடு. அதைக் கழித்தால் 4,417 பவுண்டு. ஜப்பானின் நுகர்வு வரி 10 விழுக்காடு. கழித்தால் 8,20,000 யென். அமெரிக்காவின் 5,995 டாலரில் வரியே கிடையாது. விற்பனை வரியை அந்தந்த மாநிலத்தின் விகிதப்படி பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள். ஓரிகன், டெலவேர் போன்ற மாநிலங்களில் அதுவும் இல்லை.

அன்றைய மாற்று விகிதத்தில் இவற்றை டாலராக்கினால் படம் தலைகீழாகிறது. ஜெர்மனியில் நிகர விலை சுமார் 5,365 டாலர், பிரிட்டனில் 5,445, ஜப்பானில் 5,870, அமெரிக்காவில் 5,995. வரிக்கு முந்தைய விலையில் ஜெர்மானியர்தான் மிகக் குறைவாகக் கொடுக்கிறார். அமெரிக்கரிடம் அதைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுதலாக வாங்கப்படுகிறது.

ஒரு கேமராவை வைத்து இதை வழக்கம் என்று சொல்லிவிட முடியாது. லைக்காவின் அடையாளமான எம் வரிசையில் பின்னோக்கிப் போனால்தான் இந்த 12 விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

2012 செப்டம்பரில் ஃபோட்டோகினா கண்காட்சியில் அறிவிக்கப்பட்ட எம் (டைப் 240) ஜெர்மனியில் 6,200 யூரோ, அமெரிக்காவில் 6,950 டாலர். வரியைக் கழித்து, ஒரு யூரோவுக்கு 1.30 டாலர் என்று கணக்கிட்டால் ஜெர்மானிய நிகர விலை சுமார் 6,770 டாலர். அமெரிக்க விலை அதைவிட 3 விழுக்காட்டுக்கும் குறைவாகவே கூடுதல். கப்பல் செலவும் அங்குள்ள கிளையின் செலவும் இருக்கும் என்பதால் இது நியாயமான இடைவெளிதான்.

அடுத்து 2017 ஜனவரியில் எம்10 வந்தது. அமெரிக்காவில் 6,595 டாலர். முந்தைய மாடலைவிட 355 டாலர் குறைவு! லைக்கா விலையைக் குறைத்துவிட்டது என்று அமெரிக்கர்கள் மகிழ்ந்தார்கள். அதே கேமராவின் விலை ஜெர்மனியில் 6,500 யூரோ. முந்தையதைவிட 300 யூரோ அதிகம். ஒரே கேமரா ஒரு கரையில் மலிவாகி, மறுகரையில் விலையேறியது. இடைப்பட்ட காலத்தில் யூரோ சரிந்து 1.06 டாலருக்கு அருகில் வந்திருந்ததே இதற்குக் காரணம். நிகரக் கணக்கில் ஜெர்மனியில் சுமார் 5,800 டாலர், அமெரிக்காவில் 6,595. இடைவெளி ஏறத்தாழ 14 விழுக்காடு. டாலர் வலுத்ததால் கிடைத்த ஆதாயத்தில் ஒரு பங்கை மட்டும் அமெரிக்க வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு, பெரும்பங்கை லைக்கா தன்னிடமே வைத்துக்கொண்டது. விலைக் குறைப்பு என்ற நல்ல பெயரும் அதோடு கிடைத்தது.

2022 ஜனவரியில் எம்11: 8,350 யூரோ, 8,995 டாலர், 7,500 பவுண்டு. நிகரக் கணக்கில் ஜெர்மனியில் சுமார் 8,030 டாலர். அமெரிக்க இடைவெளி மீண்டும் 12 விழுக்காடு. பிறகு கியூ3, அதிலும் 12. யூரோ வீழ்ந்தபோது திறந்த இடைவெளி, யூரோ ஓரளவு மீண்ட பிறகும் மூடவில்லை. ஒருமுறை ஒரு சந்தை ஒரு விலையைப் பொறுத்துக்கொண்டால், அடுத்த மாடலின் விலை அந்த இடத்திலிருந்தே கட்டப்படுகிறது.

இதைச் சொல்லும்போது நியாயமாக இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 2009-இல் எம்9 அமெரிக்காவில் 6,995 டாலருக்கு வந்தது. அமெரிக்காவின் பணவீக்கத்தைச் சேர்த்தால் அது 2022 ஜனவரியில் ஏறத்தாழ 9,100 டாலர். எம்11-இன் விலை 8,995. ஆக, அமெரிக்க வாடிக்கையாளருக்கு உண்மை மதிப்பில் எம் கேமரா விலையேறவே இல்லை. காலத்தை வைத்துப் பார்த்தால் லைக்கா நிதானமாக நடந்துகொண்டிருக்கிறது. நாடுகளுக்கு இடையிலான பங்கீட்டைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

கடையில் தெரியும் எண்ணே குறி

ஏன் இந்த ஏற்பாடு? நியூயார்க் நகரின் 8.875 விழுக்காடு விற்பனை வரியைச் சேர்த்தால் எம்11-க்கு அங்கே மொத்தம் சுமார் 9,790 டாலர். ஜெர்மனியின் 8,350 யூரோவை அன்றைய விகிதத்தில் மாற்றினால் சுமார் 9,560 டாலர். வாங்குபவரின் கையிலிருந்து போகும் மொத்தப் பணம் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றே. நிறுவனம் சமன்படுத்துவது தன் நிகர வருவாயை அல்ல. வாங்குபவர் செலவிடும் மொத்தத்தை. அந்த மொத்தம் சமமாக இருந்தால் சாதாரண வாடிக்கையாளர் விமானம் ஏறிப் போய் வாங்க மாட்டார். ஐரோப்பாவில் அரசு எடுத்துக்கொள்ளும் வரியின் இடத்தை, வரி குறைந்த நாட்டில் நிறுவனமும் அங்குள்ள விநியோக வலையும் எடுத்துக்கொள்கின்றன.

இதற்கு ஆதரவான வாதம் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்கு விற்பவர் பொறுப்பு. அமெரிக்காவில் அப்படி ஒரு கூட்டாட்சிக் கால அளவு கிடையாது. ஐரோப்பாவில் விற்பவருக்குச் சுமை கூடுதல், ஆகவே அங்கே நிகர விலை கூடுதலாக இருந்தால் புரிந்துகொள்ளலாம். நடப்பதோ நேர் எதிர். சுமை குறைந்த நாட்டில்தான் நிகர விலை அதிகம். செலவைக் காட்டி இந்த இடைவெளி முழுவதையும் விளக்க முடியாது.

விலையைச் சொல்லும் உரிமை யாருக்கு

அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற எந்த டீலரிடம் கேட்டாலும் லைக்காவின் விலை டாலர் பிசகாமல் ஒன்றாக இருக்கும். ஜெர்மனியில் அப்படி இருக்க வேண்டும் என்று நிறுவனம் டீலரிடம் கேட்கவே முடியாது. இந்த வேறுபாடு சட்டத்திலிருந்து வருகிறது.

அமெரிக்காவில் 1919-இன் கோல்கேட் தீர்ப்பு ஒரு வழி திறந்தது: உற்பத்தியாளர் தன் விலைக் கொள்கையைத் தானாக அறிவித்து, அதை மீறும் டீலருக்குச் சரக்கு தர மறுக்கலாம், டீலரோடு உடன்பாடு செய்யாத வரை அது குற்றமல்ல. 2007-இல் லீஜின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. குறைந்தபட்ச மறுவிற்பனை விலை விதிப்பது கூட்டாட்சிச் சட்டத்தில் தானாகவே சட்டவிரோதம் ஆகாது, அதன் விளைவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. இதன் கீழ்தான் விளம்பர விலைக்கு அடிவரம்பு வைக்கும் பழக்கம் நிலைத்தது. கேமராக் கடைகளின் தளங்களில் “விலையைக் காண கூடையில் சேர்க்கவும்” என்று வருவது இந்த வரம்பின் அடையாளம். விலையில் போட்டியிட முடியாத டீலர்கள் மெமரி கார்டு, பை, கூடுதல் பேட்டரி, பரிசு அட்டை என்று சுற்றுவழியில் போட்டியிடுகிறார்கள்.

ஐரோப்பாவில் டீலர் விற்கும் விலையை உற்பத்தியாளர் கட்டுப்படுத்துவது கடும் மீறல். 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ஆசுஸ், டெனன் அண்ட் மராண்ட்ஸ், ஃபிலிப்ஸ், பயனியர் ஆகிய நான்கு மின்னணு நிறுவனங்களுக்கு மொத்தம் 11.1 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. இணையக் கடைகள் விலையைக் குறைக்காதபடி தடுத்தது குற்றம். பயனியர் அதோடு எல்லை தாண்டிய விற்பனையையும் தடுத்திருந்தது. 2018 டிசம்பர் முதல், இன்னொரு உறுப்பு நாட்டு வாடிக்கையாளர் என்பதற்காக இணையக் கடை ஒருவரைத் தடுப்பதும் விதிமீறல்.

ஆனால் ஐரோப்பியச் சட்டம் ஆடம்பரப் பொருளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தகுதி பார்த்து டீலரைத் தேர்ந்தெடுக்கலாம். 2017-இல் அழகுப் பொருள் நிறுவனமான கோட்டியின் வழக்கில் வந்த தீர்ப்பு, ஆடம்பரப் பொருளின் மதிப்பைக் காக்க, டீலர்கள் பொதுச் சந்தைத் தளங்களில் விற்பதைத் தடுக்கலாம் என்றது. இதைவிட உறுதியான வழியும் இருக்கிறது: சொந்தக் கடை. தன் கடையில் தன் பொருளுக்குத் தானே விலை வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. 2006-இல் டோக்கியோவின் கின்ஸாவில் லைக்கா தன் முதல் நேரடிக் கடையைத் திறந்தது. பிறகு உலகெங்கும் கடைகள் பெருகின. அக்கடைகளைக் கண்காட்சிக் கூடங்களாகவும் கலைக்கூடங்களாகவும் பார்க்கப் பழகிவிட்டோம். விலையைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் கருவிகளும் அவைதாம்.

தள்ளுபடியின் உள்ளமைப்பு

பட்டியல் விலையைக் குறைப்பது ஆடம்பர நிறுவனத்துக்கு வலி தரும் முடிவு. ஏற்கெனவே வாங்கியவரின் கேமரா மறுநாளே பழைய பொருள் சந்தையில் மதிப்பிழக்கும். டீலரிடம் தேங்கிய சரக்குக்கு ஈடு கட்ட வேண்டும். அடுத்த மாடலின் விலையையும் அது கீழே இழுக்கும். ஆகவே ஒரு நாட்டில் விற்பனை சுணங்கினால், பட்டியலைத் தொடாமல், அந்த நாட்டில் மட்டும், குறிப்பிட்ட தேதிவரை மட்டும் விலையைத் தளர்த்த ஒரு வழி வேண்டும். ரிபேட் எனப்படும் தற்காலிகத் தள்ளுபடி அந்த வேலையைச் செய்கிறது.

அமெரிக்காவில் பெரும்பாலும் உடனடி ரிபேட். பில் போடும்போதே விலை குறையும். டீலர் பிறகு தான் விற்ற கேமராக்களின் சீரியல் எண்களை விநியோகக் கிளைக்கு அனுப்பி, குறைத்த தொகையை வரவு வைத்துக்கொள்வார். எல்லா டீலர்களுக்கும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடியும். தேதி முடிந்ததும் விலை பழைய இடத்துக்குத் திரும்பும். பட்டியலில் எந்தத் தழும்பும் இருக்காது. சீரியல் எண் கட்டாயம் என்பதால் வேறு நாட்டுக்கு அனுப்பப்பட்ட கேமராவுக்கு இந்த வரவு கிடைக்காது. தள்ளுபடியே இங்கே எல்லைக் காவலாகவும் வேலை செய்கிறது.

ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் அதிகம் காணப்படுவது கேஷ்பேக். வாடிக்கையாளர் கடையில் முழு விலை கொடுக்கிறார். பிறகு பில், சீரியல் எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை உற்பத்தியாளருக்கு அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து பணத்தைப் பெறுகிறார். இவ்வளவு சுற்றுவழி எதற்கு? கடைக்காரரின் விலையில் தலையிட முடியாத சட்டச் சூழலில், வாடிக்கையாளருக்கு நேராகப் பணம் கொடுப்பது பாதுகாப்பானது. கடை தன் விலையைக் குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் நிறுவனம் தன் பங்கைக் கொடுத்துவிடும். டீலர் அந்தத் தொகையை விழுங்கவும் வழியில்லை. விண்ணப்பிக்க மறந்தவர்கள், தேதி தவறியவர்கள் என்று ஒரு பகுதியினர் பணத்தைக் கேட்கவே மாட்டார்கள். அது நிறுவனத்துக்கு மிச்சம். கேட்டவர்களின் பெயரும் முகவரியும் கேமரா விவரமும் நிறுவனத்தின் கையில்.

இதில் வரிக்கும் ஓர் இடம் உண்டு. 1996-இல் எலைடா கிப்ஸ் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், உற்பத்தியாளர் கடைசி வாடிக்கையாளருக்கு நேராகத் திருப்பிக் கொடுக்கும் தொகையை, தான் வரி கட்ட வேண்டிய மதிப்பிலிருந்து கழிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு பொருந்தும் இடத்தில், 20 விழுக்காடு வரி உள்ள நாட்டில் 300 கேஷ்பேக் கொடுத்தால் நிறுவனத்துக்கு உண்மைச் செலவு 250 மட்டுமே.

2022 மே 28 முதல் ஐரோப்பியக் கடைகள் விலைக்குறைப்பு என்று அறிவித்தால், முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் ஆல்டி வழக்கில், விழுக்காட்டுக் கணக்கும் அந்த விலையை அடிப்படையாகக் கொண்டே இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் உறுதி செய்தது. அடிக்கடி விலையை ஏற்றி இறக்கும் கடைகளுக்கு இது கடிவாளம். கேஷ்பேக்கில் கடையின் விலைச் சீட்டு அசைவதில்லை என்பதால், இந்தக் கடிவாளம் அந்த வழியைப் பெரிதாகத் தொடவில்லை என்பது என் வாசிப்பு.

மூன்றாவது வகை, பழைய கேமராவைக் கொடுத்தால் அதன் மதிப்புக்கு மேல் ஊக்கத்தொகை தருவது. ஆடம்பர நிறுவனங்களுக்கு மிகவும் உகந்தது இதுதான். தள்ளுபடி யாருக்கு என்பதை மறைவாகத் தேர்ந்தெடுக்கலாம். போட்டி நிறுவனத்தின் கேமராவை வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம். அல்லது சொந்த வாடிக்கையாளர் புதிய மாடலுக்கு மாறுவதற்குக் கொடுக்கலாம். வெளியே தெரியும் விலை மாறாது. டென்மார்க்கின் ஃபேஸ் ஒன் இதன் எல்லைவரை போயிருக்கிறது. 2018-இல் வந்த ஐகியூ4 150 மெகாபிக்சல் அமைப்பின் விலை ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டியது. அந்த உயரத்தில் விற்பனையே டீலரோடு பேசி முடிப்பது. படத்தைப் பதிவு செய்யும் பின்பகுதியான டிஜிட்டல் பேக்கை, பழையதைக் கொடுத்து மேலேறுவது அங்கே வாடிக்கையான வழி. ஒருவர் கொடுத்த விலை மற்றவருக்குத் தெரிவதில்லை.

எந்தக் கேமராவுக்குத் தள்ளுபடி கிடைக்கிறது

விலைச் சீட்டைவிட ரிபேட் அட்டவணை அதிகம் பேசும். லைக்காவின் எம் வரிசைக்கு உடனடி ரிபேட் மிக அரிது. கியூ3 வெளிவந்த பின் நீண்ட காலம் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. அதற்குத் தள்ளுபடி தேவையே இல்லை. தள்ளுபடியும் லென்ஸோடு சேர்த்து வாங்கினால் சலுகையும் ஊக்கத்தொகையும் அடிக்கடி தலைகாட்டுவது லைக்காவின் கண்ணாடியில்லா கேமராக்களான எஸ்எல் வரிசையில்.

காரணம் தெளிவு. எம் வரிசையைப் போன்ற, ரேஞ்ச்ஃபைண்டர் (தனிச் சாளரம் வழியே பார்த்துக் கையால் குவியப்படுத்தும் அமைப்பு) கொண்ட முழுச்சட்டக டிஜிட்டல் கேமராவைப் பெரிய நிறுவனங்களில் வேறு யாரும் செய்வதில்லை. எஸ்எல் வரிசையோ 2018-இல் லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் சேர்ந்து அறிவித்த எல்-மவுண்ட் கூட்டணிக்குள் இருக்கிறது. சிக்மாவின் லென்ஸ் லைக்கா எஸ்எல் கேமராவில் பொருந்தும்; லைக்காவின் எஸ்எல் லென்ஸ் பானசோனிக் கேமராவில் பொருந்தும். வாடிக்கையாளர் பக்கத்துப் பெட்டியைப் பார்க்க முடிகிற இடத்தில் விலை இளகுகிறது. 2015-இல் முதல் எஸ்எல் 7,450 டாலருக்கு வந்தது. 2019-இல் எஸ்எல்2 அதைவிட மேம்பட்ட கேமராவாக 5,995 டாலருக்கு வந்தது. எம் வரிசையில் இவ்வளவு பெரிய இறக்கம் நடந்ததில்லை. “ஆடம்பரம் என்பதால் விலை இறங்காது” என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. மாற்று இல்லாததால் இறங்குவதில்லை.

ஹாசல்பிளாடின் வரலாறு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 2012-இல் சோனி நெக்ஸ்-7 கேமராவின் உள்ளுறுப்புகளுக்கு மரப்பிடியும் விலை உயர்ந்த உறையும் போட்டு, லூனார் என்ற பெயரில் ஏறத்தாழ 5,000 யூரோவுக்கு அறிவித்தது. சந்தை ஏற்கவில்லை, பின்னாளில் அது முதல் விலையின் சிறு பங்குக்குத் தள்ளிவிடப்பட்டது. அந்த அவமானத்திலிருந்து மீண்டு, 2016-இல் எக்ஸ்1டி என்ற கண்ணாடியில்லா மீடியம் ஃபார்மட் (முழுச்சட்டகத்தைவிடப் பெரிய சென்சார்) கேமராவை 8,995 டாலருக்குக் கொண்டுவந்தது. இது மெய்யாகவே புதிய பொருள். ஆனால் 2017-இல் ஃபூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 6,499 டாலருக்கும், 2018-இல் 50ஆர் 4,499 டாலருக்கும் வந்தன. 2019-இல் ஹாசல்பிளாட் எக்ஸ்1டி II மாடலை 5,750 டாலருக்கு வைத்தது. மூன்றே ஆண்டில் 36 விழுக்காடு இறக்கம். முதல் மாடலை முழு விலைக்கு வாங்கியவர்கள்தான் இதன் செலவை ஏற்றார்கள். டீலரின் சரக்குக்கு விலைப் பாதுகாப்பு கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். வாடிக்கையாளருக்கு அப்படி எதுவும் கிடையாது.

சுவர்

நாடுகளுக்கிடையே விலை வேறுபட்டால் சரக்கு மலிவான இடத்திலிருந்து விலை கூடிய இடத்துக்கு ஓடும். அந்த ஓட்டத்துக்குக் கிரே மார்க்கெட் என்று பெயர். கள்ளச் சரக்கு அல்ல; உண்மையான கேமரா, வேறு நாட்டுக்கென்று அனுப்பப்பட்டது, அவ்வளவுதான்.

இதைத் தடுக்கச் சட்டமும் வாரண்டியும் இரண்டு சுவர்கள். 1998-இன் சில்ஹவுட் தீர்ப்பின்படி, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே விற்ற பொருளை அதன் வணிகக் குறி உரிமையாளரின் சம்மதமின்றி உள்ளே கொண்டுவந்து விற்க முடியாது. உள்ளே விற்றது உள்ளே எங்கும் போகலாம். ஆகவே ஜெர்மனிக்கும் போர்ச்சுகலுக்கும் இடையில் லைக்காவால் சுவர் எழுப்ப முடியாது. ஐரோப்பாவுக்கும் ஹாங்காங்குக்கும் இடையில் எழுப்ப முடியும். ஹாங்காங்கில் மதிப்புக் கூட்டு வரியும் விற்பனை வரியும் இல்லை. கேமராவுக்குச் சுங்கமும் இல்லை. கிரே மார்க்கெட் சரக்கின் முக்கிய ஊற்றாக அது நெடுங்காலம் இருந்ததற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில் சட்டச் சுவர் இதைவிடத் தாழ்வானது. ஆகவே அங்கே வாரண்டியைச் சுவராக்கினார்கள். நிகானின் அமெரிக்கக் கிளை, தான் இறக்குமதி செய்யாத கேமராக்களைப் பணம் கொடுத்தாலும் பழுது பார்ப்பதில்லை என்று பல ஆண்டுகளாக அறிவித்திருக்கிறது. இலவச வாரண்டியை மறுப்பதற்கு ஒரு வாதமாவது உண்டு: அந்த நாட்டுக் கிளை அந்த விற்பனையில் எதுவும் ஈட்டவில்லை. பணம் வாங்கிக்கொண்டும் பழுது பார்க்க மாட்டோம் என்பதற்கு வாதமே கிடையாது. நாடு விட்டு நாடு குடிபெயர்ந்தவர், பரிசாகப் பெற்றவர், பழைய பொருளாக வாங்கியவர் எல்லோரையும் அது ஒரே கையால் தண்டிக்கிறது. நாட்டுக்கு நாடு விலை வைப்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். வரியும் வாடகையும் கூலியும் வேறுபடும் உலகில் அது தவிர்க்க முடியாதது. அந்த விலையைக் காக்க, கைக்கு வந்துவிட்ட ஒரு கருவியின் ஆயுளைப் பணயம் வைப்பதை ஏற்க முடியவில்லை.

சுற்றுலாப் பயணிகளுக்குச் சட்டமே திறந்துவிடும் ஒரு வாசல் உண்டு: கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது. ஜெர்மனியில் ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் கியூ3 வாங்கினால், விலையில் அடங்கிய 950 யூரோ வரியில் இடைத்தரகரின் கட்டணம் போக மீதியைப் பெறலாம். பிரிட்டனின் பெருநிலப்பகுதி 2021 ஜனவரி 1 முதல் இந்த வாசலை மூடிவிட்டது. ஜப்பானில் கடையிலேயே வரியில்லா விலைக்கு வாங்க முடிந்தது; 2026 நவம்பர் 1 முதல் முதலில் வரி கட்டி, நாட்டைவிட்டுப் போகும்போது திரும்பப் பெறும் முறைக்கு மாறுவதற்கு அங்கே சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது.

ஜப்பான் இந்த ஆய்வில் தனிக் கவனத்துக்குரியது. எம்11 வெளிவந்தபோது அங்கே 11,88,000 யென். வரி போக 10,80,000. அன்றைய விகிதத்தில் சுமார் 9,450 டாலர். அமெரிக்காவைவிட 5 விழுக்காடு அதிகம். இரண்டரை ஆண்டு கழித்து, 2024 ஜூலைத் தொடக்கத்தில் ஒரு டாலரின் மதிப்பு 160 யென்னுக்கு மேல் இருந்தது. அந்தப் பழைய விலை மாறாமல் இருந்திருந்தால் 6,700 டாலருக்கு எம்11 கிடைத்திருக்கும். இந்த நான்கில் விலை கூடிய சந்தை, ஒரு பட்டனையும் அழுத்தாமல், மலிவான சந்தையாகியிருக்கும். லைக்கா ஜப்பான் இந்தக் காலத்தில் ஒருமுறைக்கு மேல் விலையை உயர்த்தியதன் பின்னணி இதுதான். யென்னில் சம்பளம் வாங்கும் ஜப்பானியர், தன் ஊதியம் அந்த அளவுக்கு ஏறாமலே கேமராவின் விலை ஏறுவதைப் பார்த்தார். நாணயம் சரிந்த நாட்டில் சுற்றுலாப் பயணியைத் தடுப்பதற்காக ஏற்றிய விலையை உள்ளூர்க்காரரும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த முறையின் மிகக் கொடிய பக்கம் அது என்றே நினைக்கிறேன்.

2025: ஒருவர் ஏற்றினார், ஒருவர் இறக்கினார்

2025 ஏப்ரலில் அமெரிக்கா பெரும்பாலான நாடுகளின் சரக்குகள் மீது 10 விழுக்காடு அடிப்படைச் சுங்கம் விதித்தது. கேமராக்களும் அதில் அடங்கின. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான விகிதம் ஜூலை இறுதி உடன்பாட்டின்படி 15 ஆனது.

அந்த 10 விழுக்காட்டுக்குப் பிறகு, ஏற்கெனவே 6,295 டாலராகியிருந்த கியூ3-இன் அமெரிக்க விலையை லைக்கா 6,735 ஆக்கியது. 440 டாலர், 7 விழுக்காடு. சுங்கம் 10 விழுக்காடாக இருக்க, விலை ஏன் 7 மட்டும் ஏறியது? சுங்கம் கடை விலையின் மீது விழுவதில்லை. இறக்குமதியாகும்போது அறிவிக்கப்படும் மதிப்பின் மீது விழுகிறது. சுங்கத்தை முழுதாக, ஒரு டாலர் கூட்டாமல் குறைக்காமல் வாடிக்கையாளரிடம் தள்ளினார்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த 440 டாலர் சுட்டும் இறக்குமதி மதிப்பு 4,400 டாலர். பழைய கடை விலையில் 70 விழுக்காடு. மீதி 30-இல் அமெரிக்கக் கிளையும் டீலரும். இது ஊகக் கணக்குதான். ஆனால் நிறுவனங்கள் ஒருபோதும் வெளியிடாத உள்விலையைச் சுங்கம் என்ற வெளி நிகழ்வு ஒரு கணம் மங்கலாகக் காட்டிவிடுகிறது. அந்த ஆண்டு யூரோவும் ஜனவரியில் 1.03 டாலரிலிருந்து ஜூலையில் 1.17-க்கு மேல் ஏறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விலையேற்றத்தில் எவ்வளவு சுங்கம், எவ்வளவு நாணயம் என்று பிரிக்க வெளியிலிருப்பவருக்கு வழியில்லை. சுங்கத்தைக் காரணம் காட்டுவது எல்லோருக்கும் எளிது.

ஹாசல்பிளாட் எதிர்த்திசையில் போனது. அதன் கேமராக்களும் சுவீடனில் செய்யப்படுபவை; அதே ஐரோப்பியச் சுங்கம்தான். 2022-இல் எக்ஸ்2டி 8,199 டாலருக்கு வந்திருந்தது. 2025 ஆகஸ்டில், சுங்கம் நடப்பில் இருக்கும்போதே, அதன் வாரிசான எக்ஸ்2டி II 7,399 டாலருக்கு வந்தது. 800 டாலர் குறைவு. இந்த எண்ணின் பொருள் புரிய ஃபூஜிஃபிலிமைப் பார்க்க வேண்டும்: 2023-இல் ஜிஎஃப்எக்ஸ்100 II வெளிவந்த விலை 7,499 டாலர். ஹாசல்பிளாட் தன் புதிய கேமராவை அந்த வெளியீட்டு விலைக்குச் சரியாக 100 டாலர் கீழே நிறுத்தியது. 2017-இல் பெரும்பங்கை வாங்கிய சீனாவின் ட்ரோன் நிறுவனமான டிஜேஐ பின்னால் இருப்பதால், லாப விகிதம் குறைந்தாலும் தாங்கும் பலம் அதற்கு உண்டு.

இரண்டு நிறுவனங்களின் நிலையும் இந்த இரு எண்களில் இருக்கிறது. 2024–25 நிதியாண்டில் 59.6 கோடி யூரோ என்று தன் வரலாற்றின் உச்ச வருவாயைக் காட்டிய லைக்கா, சுங்கத்தை வாடிக்கையாளரிடம் தள்ளினால் அவர் ஓடிவிட மாட்டார் என்ற நம்பிக்கையோடு ஏற்றியது. பக்கத்திலேயே ஃபூஜிஃபிலிம் நிற்பதால் ஹாசல்பிளாடுக்கு அந்த நம்பிக்கை இல்லை. அது எக்ஸ்2டி-க்கும் எக்ஸ்சிடி லென்ஸ்களுக்கும் அவ்வப்போது ரிபேட் கொடுத்துப் பார்த்துவிட்டு, புதிய மாடலில் அந்தத் தள்ளுபடியின் ஒரு பகுதியைப் பட்டியல் விலையாகவே எழுதிவிட்டது.

ஆகவே ஒரு ரிபேட்டைப் பார்க்கும் வாடிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்வி “எவ்வளவு மிச்சம்” என்பது மட்டுமல்ல. இது ஒருமுறை வந்ததா, பருவந்தோறும் திரும்புகிறதா? ஒருமுறை என்றால் கிடங்கு காலியாகிறது அல்லது புதிய மாடல் வருகிறது. பருவந்தோறும் என்றால் அந்த நாட்டில் அந்தக் கேமராவின் உண்மை விலை தள்ளுபடி விலைதான். இடைப்பட்ட மாதங்களில் முழு விலை கொடுப்பவர்கள் காத்திருக்கும் பொறுமையோ தகவலோ இல்லாதவர்கள். அடுத்த மாடலின் பட்டியல் விலை எங்கே நிற்கும் என்று ஊகிக்க வேண்டுமானால், பழைய மாடலின் கடைசி ஓராண்டு ரிபேட் விலையை அந்தந்த நாட்டு வரி நீக்கி எழுதிப் பார்க்கலாம். ஃபூஜிஃபிலிம் தன் விலையை அமெரிக்காவில் எங்கே வைக்கிறது என்பதையும் அதோடு சேர்த்தால், ஹாசல்பிளாடைப் பொறுத்தவரை அந்த ஊகம் பெரிதாகத் தவறாது. லைக்கா எம் விஷயத்தில் அப்படி எழுதிப் பார்க்க ரிபேட் ஏறக்குறைய கிடையாது. அங்கே கவனிக்க வேண்டியது யூரோவின் விகிதமும், அந்த 12 விழுக்காடு குறைகிறதா கூடுகிறதா என்பதும்தான்.